ஆப்பிள் பிராந்திப் பீப்பாயில் கிடந்த ஏல்

வேறு மது இருந்த பழைய பீப்பாயில் ஊறிய பியரைச் சுவைப்பவர்களில் பாதிப்பேர் லேபலைத்தான் குடிக்கிறார்கள். போத்தலில் கல்வடோஸ் என்ற ஆப்பிள் பிராந்தியின் பெயர் எழுதியிருந்தால் ஆப்பிள் மணக்கிறது என்பார்கள். லாகவூலின் என்ற புகைமண விஸ்கியின் பெயர் இருந்தால் மூடியைத் திறக்கும் முன்பே புகை வந்துவிடும். நிலாவெளியில் ஒரு ஹோட்டல் பாரில் பல காலம் நின்றவன் நான். லேபலைத் துணியால் சுற்றி ஊற்றிக் கொடுத்தால் அதே விருந்தினர் வேறு கதை சொல்வதை நிறையப் பார்த்திருக்கிறேன். அதனால், மான்செஸ்டரில் இருக்கும் மனைவியின் தம்பி ஆடி விடுமுறைக்கு வருவதாகச் சொல்லி என்ன வேண்டும் என்று கேட்டபோது, கேட்க வேண்டியதைச் சரியாகக் கேட்டேன்.

"ஒரே பியரை மூன்று விதமாகக் கேட்கிறீர்களே அத்தான், அங்கே என்ன ஆய்வுகூடமா நடத்துகிறீர்கள்?" என்றான்.

ஆய்வுகூடம் இல்லை, உப்புவெளியில் நான்கு அறைகள் கொண்ட விருந்தினர் விடுதி. ஆனால் பீப்பாய் என்ன கொடுத்தது என்று சொல்ல வேண்டுமானால் பீப்பாயைப் பார்க்காத அதே பியர் பக்கத்தில் இருக்க வேண்டும். பீப்பாயில் முன்பு இருந்த மதுவும் ஒரு வாய் இருக்க வேண்டும். இந்த இரண்டும் இல்லாமல் சுவைத்துவிட்டு எழுதுகிற வர்ணனைகளை நான் நம்புவதில்லை. இந்தப் பத்திகளில் சொல்லப்போவதும் பெரும்பாலும் அதுதான்.

கேட்ட பியர் ஹார்வெஸ்ட் ஏல். ஏல் என்பது பியரில் ஒரு வகை. மான்செஸ்டரில் 1828 முதல் இயங்கிவரும் ஜே.டபிள்யூ. லீஸ் என்ற குடும்ப நிறுவனம், 1986 முதல் ஆண்டுக்கு ஒரு முறை, அந்த ஆண்டின் புதிய அறுவடை கைக்கு வந்தபின் காய்ச்சுகிற ஏல் இது. மால்ட், அதாவது முளைகட்டி உலர்த்திய தானியம், மாரிஸ் ஓட்டர் என்ற பார்லியில் இருந்து வருகிறது. கசப்புக்குப் போடும் ஹொப்ஸ் பூ, கென்ட் பகுதியின் கோல்டிங்ஸ் வகை. மதுசாரம் 11.5 சதவீதம். நம் ஊரில் கிடைக்கும் லயன் லாகர் 4.8 சதவீதம், லயன் ஸ்டௌட் 8.8 சதவீதம் என்பதை நினைத்துக்கொண்டால் இது எந்த இடத்தில் நிற்கிறது என்பது விளங்கும். லேபலில் அறுவடை ஆண்டு இருக்கும். நல்ல இடத்தில் வைத்தால் பல ஆண்டுகள் தாங்கும். இதே ஏலை கல்வடோஸ், லாகவூலின், போர்ட், ஷெரி ஆகியவை இருந்த பழைய பீப்பாய்களில் கிடத்தியும் போத்தலில் அடைத்திருக்கிறார்கள். போர்ட்டும் ஷெரியும் வைன் வகை. எனக்கு வேண்டியவை காய்ச்சி வடித்த மது இருந்த பீப்பாய்கள். ஆகவே சாதாரண ஹார்வெஸ்ட் ஏல் ஒன்று, கல்வடோஸ் பீப்பாய் ஒன்று, லாகவூலின் பீப்பாய் ஒன்று, கூடவே கல்வடோஸும் லாகவூலின் விஸ்கியும் விமானத்தில் கொடுப்பது போன்ற குட்டிப் போத்தல்களில். உடுப்புகளுக்கு நடுவே சுற்றி ஐந்தையும் உடையாமல் கொண்டுவந்து சேர்த்தான்.

உலகத்தில் பீப்பாய் பியர் என்றால் பெரும்பாலும் பேர்பன் விஸ்கிப் பீப்பாய்தான். காரணம் சுவை மட்டும் அல்ல, அமெரிக்கச் சட்டமும்தான். பேர்பன் என்ற பெயரில் விற்க வேண்டுமானால் உட்புறம் தீயில் கருக்கிய புதிய ஓக் மரக் கலனில்தான் விஸ்கியைக் கிடத்த வேண்டும். ஒரு முறை பயன்படுத்திய பீப்பாய் அவர்களுக்கு மறுபடி பேர்பனுக்கு உதவாது. ஏறக்குறைய 200 லீற்றர் கொள்ளும் அந்தப் பீப்பாய்கள் ஸ்கொட்லாந்து விஸ்கிக்காரர்களுக்கும் பியர் காய்ச்சுவோருக்கும் போய்ச் சேருகின்றன. கல்வடோஸ் அப்படி மலிவாக வந்து குவியும் சரக்கு இல்லை. அது பிரான்சின் நோர்மண்டிப் பகுதியில் ஆப்பிளையும் பேரிக்காயையும் புளிக்கவைத்து வடிக்கும் பிராந்தி. ஓக் மரத்தில் குறைந்தது இரண்டு ஆண்டுகள் கிடக்க வேண்டும் என்பது அங்குள்ள விதி. அந்தப் பீப்பாய்க்குள் பியர் போவது அபூர்வம்.

சரக்கு வந்த அன்றே திறக்க வேண்டும் என்று மச்சான் நின்றான். விடவில்லை. விமானத்திலும் பிறகு கொழும்பிலிருந்து இரவு பஸ்ஸிலும் குலுங்கிய போத்தலை நிமிர்த்தி வைத்துச் சில நாட்கள் ஆற விட வேண்டும்; அடியில் மண்டி இருந்தால் தங்கட்டும். படுக்க வைக்கக் கூடாது. தக்கை போட்ட வைன் போத்தலுக்குத்தான் அந்த வழக்கம், இதற்கு இரும்பு மூடி. திருகோணமலையில் இருப்பவருக்கு இன்னொரு கவலையும் உண்டு. கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் பகலில் 34, 35 பாகை வெப்பம் சாதாரணம். இங்கிலாந்தின் நிலவறையில் பத்து ஆண்டுகளில் வருகிற முதுமை இந்த ஊர் அலுமாரியில் மிக விரைவாக வந்துவிடும், அதுவும் அழகில்லாத முதுமையாக. நனைந்த காகித அட்டையின் மணம்தான் அதன் அறிகுறி. பிரிட்ஜின் அடித்தட்டில், மரக்கறி வைக்கும் பெட்டிக்குள், பத்திரிகைத்தாளில் சுற்றி வைத்தேன். வெளிச்சமும் எதிரிதான். சூரிய ஒளியும் குழல்விளக்கும் ஹொப்ஸின் கசப்புப் பொருளைச் சிதைத்து ஒரு நாற்றத்தை உண்டாக்கும். மண்ணிறப் போத்தல் அதைத் தடுக்கும், பச்சைப் போத்தலும் வெள்ளைப் போத்தலும் தடுக்காது.

அடுத்தது, எங்கே இருந்து குடிப்பது. உப்புவெளியில் இருந்துகொண்டு கடற்கரைக்குப் போகாமல் அறைக்குள் குடிப்பதா என்று கேட்கலாம். மச்சானும் அதைத்தான் கேட்டான். கடற்கரையில் லாகர் குடியுங்கள், யார் வேண்டாம் என்றது? ஆனால் மணத்துக்காகவே குடிக்கிற ஒன்றைக் காற்றில் வைத்தால் மணத்தில் பாதியைக் கடல் எடுத்துக்கொள்ளும். மிச்சத்தில் கரைவலை காயும் வாடையும் பக்கத்துச் சமையலறையின் இறால் பொரியலும் கலந்துவிடும். ஆகவே முன் அறை. மின்விசிறியை நிறுத்தினேன். நுளம்புச் சுருளை மாலையிலேயே வெளியே எடுத்துவிட்டேன். அதன் புகை அறையில் இருக்கும்போது லாகவூலினையும் அதையும் பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது. மல்லிகைப்பூவுக்கும் தடை போட்டதில் மனைவிக்குக் கோபம். வியர்க்க வியர்க்க நால்வர் உட்கார்ந்திருந்தோம் என்பதை மறைக்கவில்லை.

நால்வர் என்றது நான், மச்சான், நிலாவெளியில் இப்போது பாரில் நிற்கும் பக்கத்து வீட்டுத் தம்பி, அப்புறம் ஓடாவியார். ஓடாவியார் வள்ளம் கட்டியே தலை நரைத்தவர். மது அதிகம் தொடமாட்டார். அவரை அழைத்தது அவருடைய மூக்குக்காக. மரத்தை உடைத்து முகர்ந்து இன்ன மரம் என்று சொல்கிறவர். தம்பியை அழைத்தது அவன் கற்றுக்கொள்ளட்டும் என்று.

கிளாஸ் விஷயத்தில் பெரிய செலவு வேண்டாம். வாய் குறுகி வயிறு அகன்ற பிராந்திக் கிளாஸ் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் சிறிய வைன் கிளாஸ் போதும். எவர்சில்வர் டம்ளர் கூடவே கூடாது. கிளாஸைச் சவர்க்காரம் இல்லாமல் வெந்நீரில் அலசி, துடைக்காமல் கவிழ்த்துக் காய வையுங்கள். துடைக்கும் துணியின் மணம் கிளாஸில் ஒட்டும். பாரில் வேலை செய்தவர்களுக்குத் தெரியும், வந்த குறைகளில் பாதி துணியின் குறைதான்.

குடிப்பதற்கு முன் முகர்வதற்கு என்று மேசையில் சிலவற்றை வைத்திருந்தேன். முதலாவது ஆப்பிள். நமக்கு ஆப்பிள் என்றால் ஸ்டிக்கர் ஒட்டி மெழுகு பூசி வருகிற பழம். மணமே இல்லாத அதை வைத்துக்கொண்டு ஆப்பிள் பிராந்தியைத் தேடினால் கிடைக்காது. ஆகவே இரண்டைத் துண்டு போட்டு, எண்ணெய் இல்லாத சட்டியில், தண்ணீர் வற்றி ஓரம் சிவக்கும் வரை மெல்லிய தணலில் வாட்டினேன். கல்வடோஸில் தேட வேண்டியது அந்த வாட்டிய ஆப்பிளின் மணம். பக்கத்தில் பச்சை ஆப்பிள் துண்டும் வைத்தேன். பச்சை ஆப்பிள் மணம் பியரில் வந்தால் அது பெரும்பாலும் அசற்றல்டிஹைட் என்ற பொருளின் வேலை. ஈஸ்ட் தன் வேலையை முடிக்காமல் விட்டால் அது மிஞ்சும். ஆப்பிள் பிராந்திப் பீப்பாய் என்று லேபலில் கண்டவர், குறையுள்ள ஒரு பியரில் வரும் பச்சை ஆப்பிளையும் பீப்பாயின் கொடை என்று பாராட்டிவிடக்கூடும். இரண்டையும் தனித்தனியாக ஒரு முறை முகர்ந்தவருக்கு அந்தக் குழப்பம் வராது.

இரண்டாவது மரம். என் தகப்பனார் டொக்யார்டில் வேலை செய்தவர். 1957இல் பிரித்தானியக் கடற்படை திருகோணமலையை விட்டுப் போகும் வரை அங்கே பீப்பாய்களுக்குப் பஞ்சமில்லை. மாலுமிகளுக்குத் தினமும் ரம் பங்கு கொடுத்த கடற்படை அது. அந்த வழக்கத்தை அவர்கள் 1970 ஜூலை 31ஆம் தேதிதான் நிறுத்தினார்கள். அரைப் பீப்பாய் ஒன்று எங்கள் கிணற்றடியில் தொட்டியாகக் கிடந்து, வளையம் துருப்பிடித்துப் பலகை பலகையாகக் கழன்றது. அதில் ஒரு பலகை கொட்டகையில் இன்னும் இருந்தது. ரம்மா, உப்பிறைச்சியா, அதில் என்ன இருந்தது என்று யாருக்குத் தெரியும். ஓடாவியார் அதைத் தட்டிப் பார்த்தார், நகத்தால் கீறினார், பிறகு சீவுளியை எடுத்து மேல்தோலை இழைத்துவிட்டார். உள்ளே தேன் நிறத்தில் மரம். சுருள் சுருளாக விழுந்த சீவலை உள்ளங்கையில் தேய்த்து முகர்ந்தார்.

"இது ஓக். இனிப்பு மணமும் இருக்கிறது, துவர்ப்பும் இருக்கிறது" என்றார்.

தன் பட்டறையிலிருந்து சவண்டலைச் சீவலும் கொண்டுவந்திருந்தார். சிங்களத்தில் ஹல்மில்ல. ஆங்கிலேயர் இந்த ஊரின் பெயராலேயே அந்த மரத்தை அழைத்தார்கள். சென்னைக் கரையின் அலையைத் தாங்கிய மசூலாப் படகுகளுக்கு இங்கிருந்து போனதும் இதே மரம். நம் நாட்டில் தேங்காய்ச் சாராயத்தைக் கிடத்துவது சவண்டலைத் தொட்டிகளில்தான். இரண்டு சீவலையும் மாறி மாறி முகர்ந்து பார்த்தோம். சவண்டலை அமைதியான மரம். ஓக் அப்படியல்ல, தன்னைப் பற்றிச் சொல்லாமல் அதனால் இருக்க முடியாது.

இங்கே தம்பிக்கு ஒரு பாடம் இருந்தது, அதைச் சொல்லியே ஆக வேண்டும். எங்கள் விடுதியில் தங்கிய வெளிநாட்டவர்கள் சாராயத்தை முகர்ந்துவிட்டு, "தேங்காயில் செய்தது என்கிறீர்கள், தேங்காய் மணமே இல்லையே" என்று கேட்பதுண்டு. இல்லைதான். சாராயம் தேங்காயிலிருந்து வருவதில்லை, விரியாத பாளையைச் சீவி எடுக்கும் கள்ளிலிருந்து வருகிறது. கள் இறக்கும்போதே புளிக்கத் தொடங்கிவிடும், தாமதித்தால் வினாகிரியாகிவிடும் என்பதால் விரைவாக வடித்துவிடுகிறார்கள். அதில் தேங்காய்ப்பருப்பின் மணத்துக்கு இடமே இல்லை. ஆனால் அமெரிக்க ஓக்கில் கிடந்த பேர்பனை முகர்ந்தால் தேங்காய்ப்பூ மணக்கும். தென்னையைக் கண்ணால் கண்டிராத கென்டக்கியில் செய்த விஸ்கியில்! அது ஓக் மரத்தில் இருக்கும் லக்ரோன் என்ற பொருளின் மணம். அமெரிக்க வெள்ளை ஓக்கில் அது கூடுதல். வனிலா மணமும் மரத்திலிருந்துதான் வருகிறது. மரத்தை இறுகப் பிடித்து வைத்திருக்கும் லிக்னின், தீயில் வாட்டும்போது உடைந்து வனிலின் ஆகிறது. ஆகவே பீப்பாய் பியரில் வனிலாவையும் தேங்காயையும் கண்டால் அதற்கான நன்றி விஸ்கிக்கு அல்ல, மரத்துக்குப் போக வேண்டும். பீப்பாய் பியரைப் பற்றி எனக்குத் தெரிந்தவற்றில் இதையே முதலில் சொல்வேன். அந்தக் கிளாஸில் இருப்பவை மூன்று: காய்ச்சியபோதே இருந்த பியர், பலகைக்குள் ஊறிக்கிடந்த பழைய மது, மரம். அவை ஒன்றின் பெயரில் இன்னொன்று பாராட்டு வாங்கிக்கொண்டிருக்கும்.

பலகைக்குள் மது ஊறிக்கிடக்கிறது என்பது பேச்சுக்குச் சொல்வதில்லை. காலி செய்த பீப்பாயின் மரத்துக்குள் சில லீற்றர் மது உறிஞ்சப்பட்டு இருக்கும். பியர் உள்ளே போனதும் அது மெல்லக் கரைந்து வெளியே வருகிறது. அதோடு மரத்தின் வழியே சிறிது சிறிதாகப் புகும் காற்றும் பியரை மாற்றுகிறது. அளவாகப் புகுந்தால் முந்திரிகை வற்றல், ஷெரி போன்ற மணங்கள் வரும். மிஞ்சினால் புளிப்பு. 11.5 சதவீத மதுசாரம் கெடுக்கும் கிருமிகள் பலவற்றைத் தடுத்துவிடுவதால், வலிமையான ஏல்கள்தான் பீப்பாய்க்கு ஏற்றவை. லாகரைப் பீப்பாயில் கிடத்தி ஆவதற்கு ஒன்றுமில்லை, மரம் அதை விழுங்கிவிடும்.

இனிச் சுவை. பிரிட்ஜிலிருந்து எடுத்த போத்தலை மேசையில் அரைமணி நேரம் வைத்திருந்தேன். இந்த வகை ஏலுக்கு 12, 13 பாகை நல்லது. பனி போல் குளிர்ந்திருந்தால் மணம் எழாது, கசப்பும் துவர்ப்பும் மட்டும் நாக்கைப் பிடிக்கும். 20 பாகைக்கு மேலே போனால் மதுசாரம் மூக்கில் குத்தும், வேறெதுவும் தெரியாது. இங்கிலாந்துக்காரர் ஒரு கிளாஸை ஒரு மணி நேரம் கையில் வைத்துக்கொண்டு மெல்ல மாறுவதை ரசிக்கலாம். நம் ஊர் அறையில் அந்த மாற்றம் பத்துப் பதினைந்து நிமிடங்களில் முடிந்துவிடும். அதனால் ஒரே தடவையில் நிறைய ஊற்றாமல், இரண்டு வாய் அளவு ஊற்றி, போத்தலை ஐஸ் துண்டுகள் மிதக்கும் வாளித் தண்ணீரில் வைத்துக்கொண்டு, மறுபடி ஊற்ற வேண்டும். திருகோணமலையில் எந்த வலிமையான பியருக்கும் இது பொருந்தும். லயன் ஸ்டௌட்டைக் கூட இப்படிக் குடித்துப் பாருங்கள், பனிக்கட்டிக் குளிரில் குடித்தபோது காணாத சொக்லேட் வெளியே வரும்.

முதலில் பீப்பாய் பார்க்காத ஏலை ஊற்றினேன், எல்லோருக்கும் தெரியும்படி. செம்பு நிறம். நுரை மேலே ஒரு வளையமாக வந்து உடனே அடங்கியது. இதில் வாயுவே குறைவு. பேரீச்சம்பழம், பனங்கட்டி, கறுத்த தேன், அடியில் ஒரு மெல்லிய கசப்பு. வாயில் கனம். மச்சான் கண்ணை மூடிக்கொண்டு, "இதிலேயே பிராந்தி மணக்கிறதே" என்றான். அதைத் தம்பியிடம் குறித்துக்கொள்ளச் சொன்னேன்.

பிறகு இரண்டு கிளாஸ். ஒன்றில் மறுபடியும் அதே சாதாரண ஏல், மற்றதில் கல்வடோஸ் பீப்பாய் ஏல். எது எது என்று சொல்லவில்லை. ஊற்றியவன் நான் என்பதால் என் வாக்கு செல்லாது. தம்பி இரண்டையும் முகர்ந்து, குடித்து, பழமணம் கூடியதுதான் கல்வடோஸ் என்று சாதாரண ஏலைக் காட்டினான். மச்சானும் அதையே காட்டினான். லேபல் இருந்திருந்தால் இருவரும் மற்றதில் ஆப்பிள் தோட்டத்தையே கண்டிருப்பார்கள். ஓடாவியார் மட்டும் முகர்ந்ததோடு நிற்காமல் ஒரு மிடறு விழுங்கி, வெறும் வாயை மென்றுகொண்டிருந்தார்.

"இதில்தான் மரம் இருக்கிறது. விழுங்கிய பிறகு பல்லின் ஓரம் இறுகுகிறது" என்று சரியான கிளாஸைத் தள்ளினார்.

அவர் பிடித்தது தனின் என்ற துவர்ப்பை. பேரீச்சையும் வற்றல் பழமும் சாதாரண ஏலிலேயே நிறைய இருக்கின்றன. அவை பீப்பாயைக் காட்டிக்கொடுக்காது. பீப்பாய்க்குப் போன ஏல் இனிப்பில் மெலிந்து, முடிவில் இறுகி, கொஞ்சம் வனிலாவோடு நின்றது. பீப்பாயை வாயின் முதல் பாதியில் தேடாதீர்கள், விழுங்கிய பிறகு தேடுங்கள் என்று தம்பிக்குச் சொன்னேன். அதற்குப் பிறகுதான் குட்டிப் போத்தல் கல்வடோஸை ஒரு தேக்கரண்டி அளவு எல்லோருக்கும் ஊற்றி முகரக் கொடுத்தேன். வாட்டிய ஆப்பிளை முகர்ந்து, கல்வடோஸை முகர்ந்து, மறுபடி ஏலுக்கு வந்தால் ஆப்பிள் தெரிகிறது, பின்பக்கத்தில், மெல்லியதாக. தேடும் பொருளை முதலில் அறிந்தபின் கண்டுகொண்டது அது. யாரும் சொல்லாமல் அது தானாக எழுந்து வந்திருக்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அந்த அளவுக்கு அடக்கமாக இருந்ததால்தான் எனக்கு அது பிடித்தது.

லாகவூலின் பீப்பாய் ஏலுக்கு மறைக்க வேண்டிய தேவையே இல்லை. ஸ்கொட்லாந்தின் ஐலாத் தீவு விஸ்கி அது. சதுப்பு நிலத்தில் மக்கிக் கிடக்கும் புல்லைக் கட்டி கட்டியாக வெட்டி எரித்து, அந்தப் புகையில் பார்லியை உலர்த்துகிறார்கள். மூடியைத் திறந்ததும் ஓடாவியார் பின்வாங்கி, "வள்ளத்துக்குத் தார் காய்ச்சுகிறீர்களா?" என்றார். புகை, தார், ஆஸ்பத்திரி அயடின். ஏல் அதற்கு அடியில் எங்கேயோ இருந்தது. இப்படிப்பட்டதை எப்போதும் கடைசியில் வையுங்கள். முதலில் குடித்தால் அன்றைய மூக்கு அதோடு முடிந்தது. மச்சான் இதுதான் சிறந்தது என்றான். விஸ்கிப் பிரியர்கள் அப்படித்தான் சொல்வார்கள். விஸ்கி வேண்டுமானால் விஸ்கியைக் குடிக்கலாம் என்பது என் கட்சி. பீப்பாய் பியரை மறைத்தால் அங்கே பியருக்கு என்ன வேலை?

இடையிடையே கடிக்க வெறும் பாணும் கிரீம் கிராக்கரும் தண்ணீரும் மட்டும். நம் ஊர் வழக்கப்படி மிளகாய் போட்டுப் பிரட்டிய கணவாய் இல்லாமல் குடிப்பது தம்பிக்குப் பெருந்துன்பம். ஆனால் மிளகாயின் எரிவை மதுசாரம் இன்னும் ஏற்றிவிடும், 11.5 சதவீதத்தோடு அது சேர்ந்தால் நாக்குக்கு எரிவு தவிர வேறெதுவும் தெரியாது. சுவைத்து முடிந்த பிறகு மிஞ்சிய கல்வடோஸ் ஏலுக்குக் கந்தளாய் வீதியோரத்தில் வாங்கிய முட்டித் தயிரும் கித்துள் பாணியும் கொடுத்தேன். எருமைத் தயிரின் புளிப்பு ஏலின் இனிப்பை வெட்டுகிறது, பாணியின் புகைமணம் மரத்தோடு ஒட்டுகிறது. தொதலும் வைத்தேன், அது இனிப்போடு இனிப்பு, எடுபடவில்லை.

கழுவாமல் விட்ட கிளாஸ்களை மறுநாள் காலை முகர்ந்து பாருங்கள் என்று தம்பியிடம் சொல்லியிருந்தேன். மதுசாரம் பறந்துவிட்ட காய்ந்த கிளாஸில் மரம் தனியாக நிற்கும். விஸ்கி சுவைப்பவர்கள் செய்கிற வேலை இது. எறும்புகள் முந்திக்கொண்டன. எங்கள் ஊரில் இதைச் செய்ய வேண்டுமானால் கிளாஸைத் தண்ணீர்த் தட்டில் நிறுத்தி மேலே ஒரு சாசரால் மூட வேண்டும்.

அளவைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் போத்தல் சிறியது என்று ஏமாறுகிறவர்கள் உண்டு. 275 மில்லிலீற்றர் போத்தலில் 11.5 சதவீதம் என்றால் சுத்த மதுசாரம் ஏறக்குறைய 32 மில்லிலீற்றர். நம் கடைகளின் பெரிய 625 மில்லிலீற்றர் லாகர் போத்தலில் இருப்பதும் அவ்வளவுதான். அந்தச் சிறிய போத்தலைத் தாகத்துக்குக் குடித்தால் என்ன ஆகும் என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை. நால்வர் ஒரு போத்தலைப் பங்கிட்டால் ஆளுக்கு 70 மில்லிலீற்றர் கூட வராது, சுவைப்பதற்கு அது தாராளம். தம்பி மோட்டார் சைக்கிளை விட்டுவிட்டு நடந்தே வந்திருந்தான். ஓடாவியாரை முச்சக்கரவண்டியில் அனுப்பினேன்.

தம்பிக்கு இப்போது ஒரு யோசனை: லயன் ஸ்டௌட்டை வாங்கி, சாராயத்தில் ஊறவைத்த சவண்டலைச் சீவலைப் போட்டு, ஹோட்டலில் விருந்தினருக்குக் கொடுக்கலாமாம். அந்த மரம் கொடுக்க எவ்வளவு குறைவாக வைத்திருக்கிறது என்பதை அன்று மாலை முகர்ந்தவன் இதைக் கேட்கக் கூடாது. அதோடு, 1912ஆம் ஆண்டின் மதுவரிக் கட்டளைச் சட்டம் இன்னும் நடைமுறையில் இருக்கிற நாட்டில், உரிமம் இல்லாமல் மதுவில் கைவைத்து விற்பது வேலையை மட்டுமல்ல, ஹோட்டலின் அனுமதிப்பத்திரத்தையும் கொண்டுபோய்விடும் என்றேன். முதலில் பாரில் இருக்கிற பழைய சாராயத்தையும் நிறமில்லாத சாராயத்தையும் லேபலை மறைத்து முகர்ந்து பிரிக்கப் பழகச் சொல்லியிருக்கிறேன். அதற்கு வெளிநாட்டிலிருந்து யாரும் எதையும் சுமந்து வரத் தேவையில்லை. மது விற்காத போயா நாள் தவிர எந்த நாளும் செய்யலாம்.

மச்சானிடம் அடுத்த முறைக்கு லாகவூலின் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அந்த இடத்தில் சாதாரண ஹார்வெஸ்ட் ஏல் இரண்டு, வெவ்வேறு ஆண்டு போட்டவை.